டெனெக்டெப்ளேஸ் ஊசி: நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவமனையிலிருந்து ஒரு மதிப்பீடு

நரம்பியல் நிபுணர் இல்லாத, ஆனால் இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் இயங்கும் ஓர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். மூளை ரத்தக்குழாய் அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தாக எங்களிடம் முதலில் ஆல்டெப்ளேஸ் இருந்தது; பின்னர் டெனெக்டெப்ளேஸ் வந்தது. இரண்டையும் ஒரே கேஷுவாலிட்டியில், ஒரே செவிலியர்களோடு, ஒரே தட்டுப்பாடுகளுக்கு நடுவில் கையாண்டவன் என்ற முறையில், இரண்டாவது மருந்தைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். இந்த ஊசியை வாங்கி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிறிய மருத்துவமனைகளின் மருத்துவர்களையும், அத்தகைய மருத்துவமனைக்குத் தம் வீட்டுப் பெரியவரை அழைத்துச் செல்ல நேரக்கூடிய குடும்பத்தினரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் இந்த மருந்தின் பெரிய நன்மையைச் சொல்லிவிடுகிறேன். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஆல்டெப்ளேஸ் கொடுப்பதென்றால், கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் மொத்தம் 54 மில்லிகிராம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மில்லிகிராமை உடனே செலுத்திவிட்டு, மிச்சமுள்ள 48.6 மில்லிகிராமைச் சரியாக ஒரு மணி நேரத்தில் பம்ப் மூலம் ஏற்ற வேண்டும். பெரிய மருத்துவமனையில் இது ஒரு பொருட்டே அல்ல. எங்களைப் போன்ற இடத்தில், அந்த நேரத்தில் பம்ப் ஏதோ ஒரு வார்டில் இன்னொரு நோயாளியின் உயிரைக் காத்துக்கொண்டிருக்கும். அதை விடுவித்து, கழுவி, குழாய் மாற்றி, கணக்குப் போட்டு ஓடவிடுவதற்குள், முதலில் கொடுத்த மருந்தின் வேகம் தணிந்துவிடும். ஏனெனில் ஆல்டெப்ளேஸின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. டெனெக்டெப்ளேஸ், அதே மூலக்கூற்றில் மூன்று இடங்களில் மாற்றம் செய்து உருவாக்கப்பட்டது. அதன் அரை ஆயுள் 20 நிமிடத்துக்கும் மேல். ஆகவே பம்ப் வேண்டாம், ஒரு மணி நேரக் காத்திருப்பும் வேண்டாம். கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் என்று கொண்டால், அதே 60 கிலோ நோயாளிக்கு 15 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் இருக்கும்படி கரைத்தால் 3 மில்லிலிட்டர். சி.டி. மேசையில் படுத்திருக்கும்போதே, படத்தில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான மறு நிமிடம், ஐந்து வினாடியில் முழு மருந்தும் உள்ளே போய்விடுகிறது.

வசதி ஒருபுறம் இருக்க, பலன் எப்படி என்று கேட்பது நியாயம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டி கரைக்கும் சிகிச்சைக்கு அடித்தளமிட்டது 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆல்டெப்ளேஸ் ஆய்வு. டெனெக்டெப்ளேஸ் அதற்கு இணையா என்பதை 2022-இல் வெளியான கனடாவின் ஆய்வு ஏறத்தாழ 1,600 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தது: மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ மிகச் சிறிய குறையுடனோ தேறியவர்கள் புதிய மருந்தில் 36.9 விழுக்காடு, பழைய மருந்தில் 34.8 விழுக்காடு, நோயாளியின் நிலையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு முறையே 3.4, 3.2 விழுக்காடு. அடுத்த ஆண்டே சீனாவிலிருந்து வந்த பெரிய ஆய்வும் இதே திசையில் முடிந்தது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதைப் பக்கவாதத்துக்கு ஏற்றுக்கொண்டது 2025 மார்ச்சில்தான். இந்தியாவிலோ, புனேயின் ஜென்னோவா நிறுவனம் தயாரிக்கும் டெனெக்டெப்ளேஸுக்குப் பக்கவாதச் சிகிச்சைக்கான ஒப்புதல் 2016-லேயே கிடைத்துவிட்டது. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. நம் நாடு முந்திக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று என்பதை மருத்துவர்கள் பலரே அறியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால் அந்த முந்தலே ஒரு குழப்பத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. இந்தியாவில் 2016-இல் ஒப்புதல் பெற்ற அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதிகபட்சம் 20. உலகின் பெரிய ஆய்வுகளில் பயன்பட்டது 0.25, அதிகபட்சம் 25. இரண்டில் எதைப் பின்பற்றுவது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மேல்நிலை மையத்தின் நரம்பியல் துறையோடு பேசி முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். நள்ளிரவில், உறவினர்கள் சூழ்ந்து நிற்கும்போது தீர்மானிக்கும் விஷயமல்ல அது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இதே மருந்துதான் மாரடைப்புக்கும் பயன்படுகிறது; மாரடைப்புக்கான அளவு பக்கவாதத்துக்கானதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மேலே சொன்ன 60 கிலோ நோயாளிக்கு மாரடைப்பு என்றால் 35 மில்லிகிராம் கொடுப்போம். மாரடைப்புக்குக் கொடுத்துப் பழகிய கை, பக்கவாத நோயாளிக்கும் அதே அளவை எடுத்துவிட வாய்ப்பு மிக அதிகம். அளவு கூடினால் என்ன ஆகும் என்பதை நார்வேயில் நடந்த ஆய்வு காட்டியது: அங்கே கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவும் மரணமும் கூடியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. ஆகவே பக்கவாதத்துக்கான குப்பிகளை நாங்கள் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பெட்டியின் மூடியில், எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்ற அட்டவணை பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. மருந்தை எடுப்பவர் ஒருவர், அட்டவணையைப் பார்த்து உரக்க வாசிப்பவர் இன்னொருவர். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த மருந்து இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தயாரிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: பக்கவாதத்துக்கான சிறிய குப்பியின் பெட்டி, தூரத்திலிருந்து பார்த்தாலே வேறு என்று தெரியும் வண்ணத்தில் இருக்க வேண்டும்.

எடை என்றதும் நினைவுக்கு வருகிறது. கை கால் விழுந்துவிட்ட ஒருவரை நிறுத்தி எடை பார்க்க முடியாது. படுக்கையோடு எடை காட்டும் கட்டில் எங்களிடம் இல்லை. குடும்பத்தினர் சொல்லும் எடை பெரும்பாலும் எப்போதோ ரேஷன் கடைத் தராசிலோ மருந்துக் கடையிலோ பார்த்தது. எனவே நானும் பணியிலிருக்கும் செவிலியரும் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

கலக்கும் முறையிலும் இரண்டு கவனங்கள் தேவை. குப்பியில் ஊசிக்கான கிருமி நீக்கிய நீரைச் சேர்த்ததும் குலுக்கக் கூடாது. மெதுவாகச் சுழற்ற வேண்டும், இல்லையென்றால் நுரை கட்டி, எடுக்கும் அளவு தவறிவிடும். இரண்டாவது, நம் ஊர்ப் பழக்கத்தோடு நேராக மோதுவது: மயங்கி வந்தவருக்கெல்லாம் உள்ளே நுழைந்ததும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் மாட்டுவது நம் கேஷுவாலிட்டிகளில் கைப்பழக்கமாகவே இருக்கிறது. டெனெக்டெப்ளேஸ் குளுக்கோஸோடு சேர்ந்தால் குழாயிலேயே திரிந்து படிந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் மருந்து குழாயில் வெண்மையாக நிற்பதைப் பார்க்காமலிருக்க வேண்டுமானால், ஊசிக்கு முன்னும் பின்னும் நார்மல் சலைனால் குழாயைக் கழுவ வேண்டும். விரல் நுனியில் சர்க்கரை பார்க்காமல் குளுக்கோஸ் போடும் பழக்கத்தை நிறுத்துவதற்கும் இது நல்ல காரணம். அந்தச் சர்க்கரைப் பரிசோதனையும் தவிர்க்க முடியாதது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துச் சாப்பிடாமல் விட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம். அவருக்கு வேண்டியது குளுக்கோஸ்தான்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆல்டெப்ளேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் கடும் தலைவலியோ வாந்தியோ வந்தால் பம்பை நிறுத்திவிடலாம்; மருந்து சில நிமிடங்களில் வடிந்துவிடும். டெனெக்டெப்ளேஸில் கொடுத்தது கொடுத்ததுதான். அதனால் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்: ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வந்துவிட்டதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் எடுக்கிறாரா, அண்மையில் அறுவை சிகிச்சையோ தலைக்காயமோ உண்டா. இதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைதான் அதிகம் ஏமாற்றும். வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் மனைவி "ஹார்ட்டுக்கு ஒரு மாத்திரை போடுறாரு" என்றுதான் சொல்வார். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது ஒன்று: கடைசியாக நோயாளி நன்றாக இருந்தது எப்போது? நான்கரை மணி நேர வரம்பு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல. ஒரு பெரியவரை மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்த நிலையில் அழைத்து வந்தார்கள். மகள், "எட்டு மணிக்குத்தாங்க டாக்டர் பார்த்தோம், அதுக்கு முன்ன எப்ப விழுந்தாருன்னு தெரியலையே" என்று அழுதார். "ஐயா காலையில யார்கூடயாவது பேசினாரா அம்மா?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற பேரன் தாத்தாவின் பட்டன் போனை எடுத்து, கடைசியாகப் பேசிய அழைப்பைக் காட்டினான். ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பால்காரரிடம் பேசியிருந்தார். அவரையே அழைத்துக் கேட்டோம். தெளிவாகப் பேசினார், கணக்குக்கூடச் சொன்னார் என்று உறுதிசெய்தார். அந்தப் பெரியவருக்கு ஊசி கொடுக்க முடிந்தது அந்த அழைப்புப் பதிவினால்தான்.

ஊசி போட்டால் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதிலும் நேர்மை வேண்டும். ஒன்பது ஆய்வுகளில் இடம்பெற்ற 6,756 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வின்படி, மூன்று மணி நேரத்துக்குள் ஆல்டெப்ளேஸ் பெற்றவர்களில் ஏறத்தாழ 33 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். பெறாதவர்களில் 23 விழுக்காட்டினர். மூன்றிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் என்றால் இந்த வித்தியாசம் பாதியாகிவிடுகிறது. எனவே குடும்பத்தினரிடம் நான் சொல்வது இதுதான்: "நூறு பேருக்கு இந்த ஊசியைச் சீக்கிரமே போட்டால், அதனால் மட்டும் கூடுதலாகப் பத்துப் பேர் நடந்து வீட்டுக்குப் போவார்கள், இரண்டு மூன்று பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் போடுவதுதான் நல்லது." இவ்வளவையும் ஓரிரு நிமிடத்துக்குள் சொல்லிவிட முடியும். ஊரிலிருந்து மூத்த மகன் வரட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்களிடம், அவரைத் தொலைபேசியில் பிடித்து நானே பேசிவிடுகிறேன்.

விலை குறைவான மாற்று இருக்கிறதே, ஸ்ட்ரெப்டோகைனேஸ் போதாதா என்று மருந்துக் கொள்முதல் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. மாரடைப்புக்கு அது பல்லாயிரம் உயிர்களைக் காத்த மருந்து. பக்கவாதத்திலோ, 1990-களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் ரத்தக்கசிவும் மரணமும் மிகுந்ததால் இடையில் நிறுத்தப்பட்டன. இதில் சிக்கனத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு சிக்கன வழி டெனெக்டெப்ளேஸிலேயே இருக்கிறது: மாரடைப்புக்கும் ஆகும் மருந்து என்பதால், பக்கவாத நோயாளிகள் குறைவாக வரும் மருத்துவமனையில் காலாவதி நெருங்கும் குப்பிகளை இதய நோயாளிகளுக்குப் பயன்படுத்தி வீணாகாமல் காக்கலாம். ஆல்டெப்ளேஸை வாங்கி வைத்துக் காலாவதியாக்கிக் கணக்கெழுதிய காலம் எங்களுக்கு உண்டு. பெட்டிகளைப் பிரித்து வைக்கும் கட்டுப்பாட்டை மட்டும் அப்போதும் தளர்த்தக் கூடாது.

இனி இந்த மருந்தால் மிச்சப்படுத்த முடியாததைச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பிறகு முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பின்னர் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் நினைவு நிலையும் பார்க்க வேண்டும். அழுத்தம் 180/105-ஐத் தாண்டவிடக் கூடாது. மறுநாள் மீண்டும் சி.டி. எடுக்கும்வரை ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. பம்ப் இல்லாமல் சமாளித்துவிட்டோம். செவிலியர் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஒரே ஒரு செவிலியர் நாற்பது படுக்கைகளைப் பார்க்கும் இரவில் இந்தக் கண்காணிப்பு அட்டவணை வெறும் காகிதமாகிவிடும். ஊசி வாங்கப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள், அதே கோப்பில் நான்கு படுக்கைகளுக்கு ஒரு செவிலியரையும் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். அதன் பலன் ஊசி பெறும் சிலரோடு நின்றுவிடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர்களே ஒரு நெறிமுறைப்படி கவனித்துக்கொண்ட பிரிவுகளில், மூன்று மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறர் துணையோடு வாழ வேண்டியவர்கள் 42 விழுக்காடு. அப்படிச் செய்யாத பிரிவுகளில் 58 விழுக்காடு. 2011-இல் வெளியான அந்த ஆய்வில் விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. தண்ணீரை ஒரு தேக்கரண்டி கொடுத்து, இருமுகிறாரா, குரல் மாறுகிறதா என்று பார்த்த பிறகே வாய்வழி உணவு என்ற விதியை எங்கள் வார்டில் கொண்டுவந்தபின், நுரையீரலில் சளி கட்டி அவதிப்படுபவர்கள் குறைந்திருப்பதைக் கண்கூடாகப் பார்க்கிறோம்.

சி.டி.யில் ரத்தக்கசிவு என்று தெரியவரும் நோயாளிகளுக்கு இந்த ஊசி கூடவே கூடாது. ஆனால் ஊசிக்காகச் செய்துவைத்த விரைவு ஏற்பாடு அவர்களுக்கும் கைகொடுக்கிறது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட பத்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, மேல் அழுத்தத்தை ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே கொண்டுவருவதோடு சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்தினால் ரத்தக்கசிவு நோயாளிகளும் மேலாகத் தேறுகிறார்கள் என்று காட்டியது. இவை எல்லாமே நம் மருந்தகத்தில் இருப்பவை.

வேகத்தைப் பொறுத்தவரை, ஃபின்லாந்தின் ஹெல்சின்கி மருத்துவமனை 1998-இல் வாசலிலிருந்து ஊசிவரை 105 நிமிடம் எடுத்துக்கொண்டது. 2011-இல் அதை 20 நிமிடமாகக் குறைத்தது. அவர்கள் செய்த மாற்றங்களைப் படித்தபோது எனக்கு மிகுந்த நம்பிக்கை வந்தது. ஏனெனில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை. ஆம்புலன்சிலிருந்து முன்கூட்டியே தொலைபேசி, அதே ஸ்ட்ரெச்சரில் நேராக சி.டி. அறைக்கு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றுக்கும் காத்திராமை, மருந்தை நோயாளி இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வது. 108 ஊழியர்கள் எங்கள் பணி மருத்துவரின் எண்ணுக்கு வழியிலிருந்தே அழைக்கத் தொடங்கிய பிறகு, நோயாளி இறங்கும்போது சி.டி. மேசை காலியாகக் காத்திருக்கிறது. நிபுணர் இல்லாத குறைக்கு ஹிமாச்சலப் பிரதேசம் 2014-லேயே வழி காட்டிவிட்டது: மலை மாவட்டங்களில் சி.டி. உள்ள மருத்துவமனைகளின் பொது மருத்துவர்கள், தொலைவிலுள்ள நரம்பியல் நிபுணரிடம் கைபேசியில் ஆலோசித்துச் சிகிச்சை தொடங்கினார்கள். மருந்தை அரசே இலவசமாக வழங்கியது. நாங்களும் சி.டி. படங்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கிறோம். அவர் பதிலளிக்கும் வேகமே எங்கள் துணிச்சலுக்கு அடிப்படை.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் இந்த ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. குழாய் வழியே கட்டியை வெளியே எடுக்கும் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் டெனெக்டெப்ளேஸ் தோதாக இருக்கிறது. ஆல்டெப்ளேஸ் ஓடும் பம்போடு, அதைக் கவனிக்கத் தெரிந்த ஒருவரோடு நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றுவது எங்களால் இயலாத காரியமாக இருந்தது. இப்போது ஊசியை முடித்துவிட்டு உடனே அனுப்பிவிடலாம்.

இரவும் பகலும் சி.டி., தொலைபேசியில் கிடைக்கும் ஒரு நிபுணர், 24 மணி நேரக் கண்காணிப்புக்குச் செவிலியர் ஆகிய மூன்றும் உள்ள எந்த மருத்துவமனையும், நரம்பியல் துறை இல்லாவிட்டாலும், இந்த மருந்தைத் தயங்காமல் வாங்கி வைக்கலாம்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆல்டெப்ளேஸை விட்டு இதையே வாங்குவேன். சி.டி. இல்லாத மருத்துவமனை இதை வாங்கவே கூடாது. கசிவா அடைப்பா என்று கைநாடியும் ரத்த அழுத்தமும் சொல்லாது. அங்கே பணியிலிருப்பவர்கள் சர்க்கரையைப் பார்த்து, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சீட்டில் எழுதி, வாயில் மாத்திரையோ தண்ணீரோ கொடுக்காமல், விவரம் தெரிந்த உறவினர் ஒருவரையும் உடன் ஏற்றி, சி.டி. உள்ள மருத்துவமனைக்கு முன்னதாகத் தொலைபேசியில் சொல்லி அனுப்பிவிட்டால், ஊசிக்கான நேரம் மிஞ்சும்.